ஒரே வேலை தெரிஞ்ச கேரக்டர்: கடல்ல ராஜா, கரையில சும்மா. தப்பு யாருமேல?

பனந்தடிபீரங்கி (நாகர்கோவில்)

கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கிடுங்க.

நாங்க அஞ்சு பேர், ஞாயித்துக்கிழமை மத்தியானம் வடசேரியில ஒரு மாடி ரூம்ல டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு கேரக்டர் எடுத்து பகடை உருட்டிக் கதையா ஆடுறது) ஆடுறோம். நான்தான் டிஎம், அதாவது கதையை நடத்துறவன். 2014 புக் ரூல்ஸ், உலகம் மட்டும் நம்ம ஊரு: வேணாடு, 1741. குளச்சல் கடல்ல டச்சுக் கப்பல் நிக்குது, மார்த்தாண்ட வர்மா படை திரட்டுறார், பிளேயர்ஸ் ரெண்டு பக்கமும் செய்தி கடத்துற ஆளுங்க. பனந்தடியை மாட்டுவண்டியில வச்சு பீரங்கி மாதிரி காட்டி டச்சுக்காரனை ஏமாத்தினதா ஊர்ல சொல்ற வாய்வழிக் கதை இருக்குல்லா, அதுல இருந்துதான் என் பேரும் இந்தக் கேம்பெயினும்.

ஒருத்தர் ரேஞ்சர்ங்கிற கேரக்டர் வகை எடுத்தார். படகோட்டி. ‘நேச்சுரல் எக்ஸ்ப்ளோரர்’ங்கிற திறமையில தனக்குப் பழக்கமான நிலமா கோஸ்ட் எடுத்துக்கிட்டார். ஸ்கில் எல்லாம் கடல், காத்து, நீச்சல், கயிறு. மத்த எதுலயும் ஒண்ணுமில்ல. கேரக்டர் ஷீட் பாக்க அழகா இருந்துச்சு, நானே பாராட்டினேன்.

அப்புறம் கதை பத்மநாபபுரம் அரண்மனைக்குள்ள போயிட்டு. மூணு செஷன். ஒட்டுக்கேக்கிறது, ஓலை திருடுறது, மந்திரசாலைக்கு வெளிய தூணுக்குப் பின்னால நிக்கிறது. படகோட்டி மூணு செஷனும் கடலை உரிச்சிக்கிட்டு இருந்தார். மூணாவது செஷன்ல போனை எடுத்து ஸ்கோர் பாக்க ஆரம்பிச்சுட்டார். எனக்கு மனசு கேக்கல. சரி, நாலாவது செஷன் முழுக்க உனக்குத்தான்னு முடிவு பண்ணி, குளச்சல்ல இருந்து மணக்குடிக்கு ராத்திரியில வள்ளம். ஆறு பக்கம் எழுதி வச்சேன். முட்டம் பாறை, நீரோட்டம், டச்சு ரோந்துப் படகு, குடிதண்ணி தீர்ந்து போறது, எல்லாம்.

அவர் ஷீட்டைத் திருப்பி ரெண்டு வரி வாசிச்சார். தனக்குப் பழக்கமான நிலத்துல கூட்டம் வழி தவறாது, மந்திரத்தால தவிர. கரடுமுரடான வழியும் வேகத்தைக் குறைக்காது. சாப்பாடு தேடினா ரெண்டு மடங்கு கிடைக்கும். ஆறு பக்கமும் இருபது நிமிஷத்துல முடிஞ்சிட்டு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், ஆனா உள்ளுக்குள்ள எரிச்சல்.

கரையில இருந்தா அவருக்கு வேலை இல்ல. கடலுக்குப் போனா எனக்கு வேலை இல்ல. இப்படி ஒரே வேலைக்குன்னு கேரக்டர் பண்ணக் கூடாதுன்னு சொல்லணுமா? இல்ல தப்பு என் மேலயா?

மட்டிப்பழம்

போனை எடுத்தது பிளேயர் தப்பு. எங்க டேபிள்ல எல்லா போனும் காலி முறுக்கு டப்பாக்குள்ள போயிரும், செஷன் முடிஞ்சாத்தான் வெளிய வரும். கேரக்டரைப் பத்தின பிரச்சினையே இல்ல இது.

கணக்குப்பிள்ளை (தக்கலை)

அரண்மனைக் கதை வருதுன்னு ஆரம்பத்துலயே சொன்னீங்களா? சொல்லாம இருந்தா தப்பு உங்க மேல. ஆட்டம் தொடங்கும் முன்னால பேசி வைக்கிற செஷன் ஸீரோ எதுக்கு இருக்கு?

ஆனா ரெண்டாவது பாதி வேற பிரச்சினை, அது ரூல்ஸ்ல இருந்தே வருது. ரோக் (பூட்டுத் திறக்கிற, பதுங்கிப் போற கேரக்டர்) வச்சுப் பாருங்க. லெவல் 1, டெக்ஸ்டெரிட்டி 16, அதுக்கு +3. பயிற்சிக்கு ப்ரொஃபிஷியன்சி +2, எக்ஸ்பர்ட்டீஸ் எடுத்தா அது இரட்டிப்பு, ஆக +7. பூட்டோட டிசி (எட்ட வேண்டிய எண்) 15ன்னா இருபது முகப் பகடையில 8 விழுந்தா போதும், 65 சதவீதம். இந்தப் பயிற்சியே இல்லாத, அதே கைவேகம் உள்ள ஆளுக்கு 45 சதவீதம். இது நல்ல ஆட்டம். ரெண்டு பேருக்குமே நெஞ்சு திக்திக்னு இருக்கும்.

லெவல் 11 வந்ததும் பாருங்க. டெக்ஸ்டெரிட்டி 20 ஆயிருக்கும், +5. ப்ரொஃபிஷியன்சி 4, இரட்டிச்சா 8. மொத்தம் +13. அதோட 2014 புக்ல அந்த லெவல்ல ‘ரிலையபிள் டேலண்ட்’ வந்துரும்: 9ம் அதுக்குக் கீழயும் எது விழுந்தாலும் 10ன்னு கணக்கு. அதாவது எப்படி உருட்டினாலும் 23க்குக் குறையாது. ‘கடினம்’னு புக் சொல்ற டிசி 20 பூட்டு அவனுக்குத் தோக்கவே தோக்காது. பகடையைக் கையில எடுக்கிறதே சும்மா சடங்கு.

உங்க படகோட்டி ஒண்ணாம் லெவல்லயே அந்தச் சடங்கு நிலைக்கு வந்துட்டார். அதுதான் உங்க எரிச்சல்.

மஸ்கட்_மக்கா (ஊரு மார்த்தாண்டம்)

மக்கா, நான் வெள்ளிக்கிழம ஆன்லைன்ல ஆடுகவன். எனக்க கதை ஒனக்கு நேர் எதிரு, கேளு.

நாங்க கால் ஆஃப் கதுல்ஹு ஆடுகோம். 1981ல வந்த கேமு, எல்லாம் சதவீதக் கணக்கு. அதுல எல்லாவனும் ஒரு வேலைக்காரன்தான்: ஒருத்தன் டாக்டரு, ஒருத்தன் பத்திரிகைக்காரன், ஒருத்தன் லைப்ரரியிலயே கெடப்பான். நான் டாக்டரு. மெடிசின் 75, அதுக்கு மேல விழுந்தா தோல்வி. நாலு செஷன் ஒருத்தனுக்கும் ஒரு கீறலு கூட இல்ல, நான் வாயப் பொத்திட்டு இருந்தேன். அஞ்சாவது செஷன்ல ஒரு பொணம் கெடைச்சு. எனக்க நேரம் வந்தாச்சுன்னு நிமிந்து இருந்தேன். உருட்டுனேன், 88. தோல்வி. கதை நடத்தக்கூடிய கீப்பரு சொல்லுகாரு, ‘உனக்கு ஒண்ணும் புரியல’ன்னு. அந்தப் பொணத்துலதான் கதைக்க சாவியே இருந்திருக்கு. வேற ஒருத்தனுக்கும் மெடிசின் இல்ல. ஒன்றரை மணிக்கூறு எல்லாவனும் அங்ஙன இங்ஙன அலைஞ்சோம்.

75ன்னா நாலுல ஒருக்கா தோக்கும். நாலு செஷன் காத்துக் கெடந்தவனுக்கு அந்த ஒருக்கா வந்தா என்ன செய்யதுக்கு? ஒனக்க ஆளு ஜெயிச்சு ஆட்டத்த முடிச்சான், நான் தோத்து ஆட்டத்த முடிச்சேன். ரெண்டும் ஒண்ணுதான்.

ஷேடோரன்னு ஒரு கேமு இருக்கு, 1989. அதுல கம்ப்யூட்டருக்குள்ள நுழையக்கூடிய ஆளு தனியா ஒரு மணிக்கூறு ஆடுவான், மத்தவனுவ சாப்பாடு வாங்கப் போவானுவ. நம்ம ஊர்ல ஆடினா பரோட்டா வாங்கிட்டு வந்து, தின்னு, கை கழுவி முடிச்சாலும் அவன் உள்ளதான் இருப்பான்.

மட்டிப்பழம்

> நான் வாயப் பொத்திட்டு இருந்தேன்

அதுல என்ன தப்பு? பதினோராவதா இறங்குற பவுலர் பேட்டிங் வரலன்னு அழுவானா? டெஸ்ட் மேட்ச்ல ஒண்ணரை நாள் பெவிலியன்ல இருப்பான். அவன் நேரம் வந்தா ஆட்டத்தை மாத்துவான். எல்லாருக்கும் எல்லா சீன்லயும் வேலை கொடுத்தா அப்புறம் ஸ்பெஷலிஸ்ட்டுன்னு பேர் எதுக்கு? காத்திருக்கத் தெரியாதவன் ஆல்ரவுண்டர் எடுத்துட்டுப் போகட்டும்.

கணக்குப்பிள்ளை (தக்கலை)

பவுலர் ஃபீல்டிங்கும் பண்ணுவான் தம்பி.

குளச்சல்காரி

மொதல்ல ஒண்ணு கேக்கேன். குளச்சல் சண்டை நடந்தது ஆகஸ்ட் 10, 1741. ஆடிக் கடல். ஆடியில, ராத்திரியில, முட்டம் பாறை பக்கம் வள்ளம் இறக்கினீங்களா? எங்க வீட்ல கேட்டா வெளக்குமாத்தால அடிப்பாங்க. உங்க ஆறு பக்கத்துல இது இருந்துச்சா?

இப்பம் விஷயத்துக்கு வாறேன். நான் ரெண்டு வருஷமா ஆடுகேன், ஆனா இதுக்குப் பதில் எனக்கு கேம்ல இருந்து வரல, அப்பாகிட்ட இருந்து வந்தது. அப்பா வள்ளத்துக்குப் போனவங்க. ஜிபிஎஸ் கைக்கு வாறதுக்கு முன்னால, கரையில தெரியக்கூடிய மலை ஒண்ணும் கோயில் கோபுரம் ஒண்ணும் ஒரே நேர்ல வருதான்னு பாப்பாங்க. இன்னொரு பக்கம் இன்னொரு ரெண்டு அடையாளம். ரெண்டு நேரும் வெட்டிக்கிடுற எடத்துல கடலுக்கடியில பார் (பாறைத் திட்டு) இருக்கும், மீன் இருக்கும். பொறவு கயித்துல ஈயக்குண்டைக் கட்டி இறக்கி, அது அடியில தட்டக்கூடிய தட்ட விரல்ல வாங்கிப் பாத்து, பாறையா மணலான்னு சொல்லுவாங்க. சின்ன வயசுல என்னையும் ஒருநாள் கூட்டிட்டுப் போயி, கயித்தைக் கையில தந்து கேட்டாங்க. எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. ‘மணலுன்னா விரலு உறங்கும், பாறைன்னா முழிக்கும்’னாங்க.

ஆனா கேட்டியளா, பாறைன்னு தெரிஞ்ச பொறவுதான் வள்ளத்துல பேச்சே ஆரம்பிக்கும். வலை விட்டா கிழியும், தூண்டில் போடணுமா? நீரோட்டம் மாறிட்டு, இன்னும் ஒரு மணிக்கூறு நிக்கலாமா? சித்தப்பா ஒண்ணு சொல்லுவாரு, அப்பா ஒண்ணு சொல்லுவாங்க, சண்டை வரும். அப்பாவுக்கு வழி தெரியும்கிறது அந்தச் சண்டையை நிப்பாட்டாது. தெரிஞ்சதாலதான் சண்டையே வரும்.

உங்க ரேஞ்சர் ஷீட்ல ‘வழி தவறாது’ன்னு இருக்கு. அந்த வரி சண்டையை இல்லாம ஆக்குது. ஆனா அதே பட்டியல்ல கடைசியா ஒரு வரி இருக்கு, அதை நீங்க வாசிக்கவே இல்லன்னு நெனைக்கேன். தடம் பாத்தா எத்தனை பேர், எந்த அளவு, எவ்வளவு நேரத்துக்கு முன்னால அந்த வழி போனாங்கன்னு துல்லியமா தெரியும். அது அப்பாவுக்க ஈயக்குண்டு மாதிரி. சேதி தரும், ஆனா முடிவு எடுக்காது. முடிவு டேபிள்ல இருக்கவங்க எடுக்கணும்.

ஒருத்தர் ஒரே வேலை கத்துக்கிட்டு வாறதுல தப்பில்ல. அந்த வேலை தடங்கலைத் துடைச்சுப் போட்டுட்டா மத்தவங்களுக்கு ஆட்டம் இல்ல. சேதி கொண்டு வந்தா எல்லாருக்கும் ஆட்டம் இருக்கு.

பனந்தடிபீரங்கி (நாகர்கோவில்)

அக்கா, புக்கைத் திறந்து பாத்துட்டேன். அந்த வரி இருக்கு. நாலு செஷனா யாரும் வாசிக்கல, அவரும் வாசிக்கல.

ஆடி விஷயம்... எழுதும்போது தோணவே இல்ல. நான் பொறந்தது கோட்டாறு, கடலை ஞாயித்துக்கிழமைதான் பாத்திருக்கேன்.

சட்டம்பேசி

ஒரு சின்ன சந்தேகம். கோஸ்ட்டுன்னா கரை. நடுக்கடல் கோஸ்ட்டா? ரோந்துப் படகைத் துரத்திக்கிட்டு கரை கண்ணுக்குத் தெரியாத தூரம் போயிட்டா அந்த ரெண்டு வரியும் செல்லாதுன்னு டிஎம் சொல்லலாமே.

கணக்குப்பிள்ளை (தக்கலை)

சொல்லலாம். சொன்னா அந்த பிளேயர் அடுத்த வாரம் வரமாட்டார். அரண்மனையில வேலை இல்ல, கடல்ல ஆழம் கூடினா வேலை இல்லன்னா, அவர் கடற்கரையில சிப்பி பொறுக்கத்தான் கேரக்டர் எடுத்தாரா?

பழைய_ரூல்புக்

இந்தச் சண்டை புதுசு இல்லை. ஆட்டம் பிறந்த அடுத்த வருஷமே வந்துவிட்டது.

1974இல் கைகாக்ஸும் ஆர்னசனும் டி அண்ட் டியை வெளியிட்டபோது மூன்றே வகுப்புதான்: சண்டைக்காரன், மந்திரவாதி, பூசாரி. திருடன் கிடையாது. அப்போது கதவுக்குப் பின்னால் பொறி இருக்கிறதா என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ‘கம்பால் தரையைத் தட்டிக்கொண்டே போகிறேன்’, ‘கீலில் எண்ணெய் விட்டுத் திறக்கிறேன்’ என்று வாயால் சொல்ல வேண்டும், நடத்துபவர் கேட்டுவிட்டு முடிவு சொல்வார். 1975இல் ‘கிரேஹாக்’ இணைப்புப் புத்தகத்தில் திருடன் வகுப்பு வந்தது. பூட்டுத் திறக்க இத்தனை சதவீதம், சத்தமில்லாமல் நடக்க இத்தனை சதவீதம் என்று அட்டவணை போட்டார்கள். முதல் லெவல் திருடனுக்கு அந்தச் சதவீதம் மிகக் குறைவு.

அட்டவணை வந்ததும் மற்றவர்கள் கம்பைக் கீழே போட்டுவிட்டார்கள். ‘அது திருடன் வேலை, என் ஷீட்டில் இல்லை.’ அதுவரை எல்லாரும் செய்துகொண்டிருந்த ஒன்று ஒருத்தனுடைய சொத்தாகிவிட்டது. அந்த ஒருத்தனும் பெரும்பாலும் தோற்கிறவன். இதைப் பற்றிப் பழைய ஆட்டக்காரர்கள் இன்றைக்கும் அடித்துக்கொள்கிறார்கள். நான் திருடனுக்கு எதிர்க்கட்சி. இந்த ஒரு விஷயத்தில் எனக்கு நடுநிலை எல்லாம் கிடையாது.

ரேஞ்சர் பற்றி ஒன்று. நீங்கள் முட்டிக்கொண்ட அந்த வரிகளை 2024 புத்தகத்தில் எடுத்தே விட்டார்கள். அதற்குப் பதில் இரண்டாம் லெவலில் ஏதாவது ஒரு திறமையில் எக்ஸ்பர்ட்டீஸ், கூடவே இரண்டு மொழி. படகோட்டிக்குத் தோற்கும் உரிமை திரும்பக் கிடைத்திருக்கிறது. ஆனால் அம்மணி சொன்ன அந்தத் தடம் பார்க்கிற வரியும் அதோடு போய்விட்டது. அது எனக்கு வருத்தம்தான்.

தொட்டிப்பாலம்

வணக்கம். நான் இன்னும் ஒருதரம்கூட ஆடல. அடுத்த மாசம் காலேஜ் பிரெண்ட்ஸோட ஆரம்பிக்கப் போறோம். பூட்டு திறக்கிற ஆள்தான் எனக்கு ஆசை. இதெல்லாம் வாசிச்சதும் பயமா இருக்கு. எடுக்கலாமா வேண்டாமா? அப்புறம் புக் வாங்க காசில்ல.

மஸ்கட்_மக்கா (ஊரு மார்த்தாண்டம்)

எடு மக்கா, தைரியமா எடு. காசும் வேண்டாம். 5.1 எஸ்ஆர்டின்னு அடிப்படை ரூல்ஸ் முழுசும் 2023 ஜனவரியில கிரியேட்டிவ் காமன்ஸ்ல விட்டாச்சு, சும்மா எறக்கிக்கலாம். இந்தச் சண்டைக்குக் காரணமான ரேஞ்சரும் அதுல உண்டு, ரோக்கும் உண்டு.

ஒண்ணு மட்டும் செய்யி. ஒனக்க பூட்டுக்காரன் அந்த வேலைய ஆருகிட்ட படிச்சான்னு எழுதி வை. சும்மா ‘திருடன்’னு எழுதாத. அப்பன் ஆசாரியா? பெட்டகத்துக்குப் பூட்டுச் செஞ்ச கையா? அப்பம் அரண்மனைக்குள்ள போனாலும் ஒனக்குச் சொல்லதுக்கு ஒண்ணு இருக்கும்: இந்தப் பூட்டு எங்க அப்பனுக்க கை, இதுக்கு ரெண்டு சாவி உண்டு, ரெண்டாவது சாவி ஆருகிட்ட? பகடையே உருட்டாம ஒரு சீன் வந்துட்டு பாத்தியா? நான் டாக்டரா இருந்த சமயம் இத செய்யல. 75ன்னு நம்பர மட்டும் பாத்துட்டு இருந்தேன்.

கணக்குப்பிள்ளை (தக்கலை)

தம்பி தொட்டிப்பாலத்துக்கு இன்னொரு கணக்கு. டிஎம்கிட்ட முன்கூட்டியே கேட்டு வை: கூட்டமா பதுங்கிப் போகும்போது எப்படி உருட்டச் சொல்வார்?

நாலு பேர். உனக்கு ஸ்டெல்த் +7, மத்த மூணு பேருக்கும் +1. டிசி 12. உனக்கு ஜெயிக்க 80 சதவீதம், அவங்களுக்குத் தலைக்கு 50. நாலு பேரும் தனித்தனியா ஜெயிச்சாத்தான் உண்டுன்னு டிஎம் சொன்னா, மொத்த வாய்ப்பு 10 சதவீதம். அப்போ என்ன நடக்கும்? ‘நீ மட்டும் போ, நாங்க இங்க நிக்கோம்’னு சொல்லிருவாங்க. நீ தனியா அரை மணி நேரம் ஆடுவே, மத்தவங்க பரோட்டா வாங்கப் போவாங்க.

புக்ல குரூப் செக்னு ஒண்ணு இருக்கு. பாதிப் பேர் ஜெயிச்சா கூட்டம் ஜெயிச்சதா கணக்கு. அதே நாலு பேருக்கு இப்போ 80 சதவீதம். நீ இல்லாம நாலு பேரும் +1ஆ இருந்தா சுமார் 69. அந்த 69ஐ 80 ஆக்கினது உன் ஆள். மத்தவங்க ஷூவைக் கழட்டச் சொல்றது, வாளுக்குத் துணி சுத்தச் சொல்றது எல்லாம் உன் வேலைன்னு சொல்லி ஆடு. ஸ்பெஷலிஸ்ட் தனியா போறவன்னு யார் சொன்னது?

மட்டிப்பழம்

இது சினிமாவுல தலைவர் வந்ததும் கூட இருக்கிறவனுக்கெல்லாம் சண்டை தெரிஞ்சிடற மாதிரி இருக்கு. இரும்புச் சட்டை போட்டவன் சத்தமில்லாம நடந்தான்னா எனக்கு நம்ப முடியல. கணக்கு சரி, காட்சி தப்பு. நான் பவுலர் கட்சிதான்.

பனந்தடிபீரங்கி (நாகர்கோவில்)

ரெண்டு ஞாயிறு கழிச்சு வாறேன். நடந்ததைச் சொல்றேன்.

மொத ஞாயிறு மறுபடியும் அரண்மனை. கோட்டாறுல இருந்து தரைவழியா வந்தேன்னு சொல்ற ஒரு தூதன் நிக்கிறான். வழக்கமா இங்க பேச்சுத் திறமை உள்ள ஆள்தான் உருட்டுவார். நான் படகோட்டியைப் பாத்து, ‘அவன் வேட்டி ஓரத்துல ஒரு சாண் உயரத்துக்கு வெள்ளையா காஞ்சிருக்கு’ன்னு மட்டும் சொன்னேன். உருட்டச் சொல்லல. அவர் கடலைத் தொலியைக் கீழ வச்சார். ‘உப்பு. இவன் வள்ளத்துல இருந்து எறங்கி முழங்கால் தண்ணியில நடந்து வந்திருக்கான். கோட்டாறுல ஏது கடலு?’ அவ்வளவுதான். டேபிள்ல மூணு பேர் ஒரே நேரத்துல பேச ஆரம்பிச்சாங்க. பிடிக்கணுமா, பின்தொடரணுமா, பொய்யை நம்பின மாதிரி நடிக்கணுமா. நாப்பது நிமிஷம் போச்சு. நான் டீ போட்டுக் குடிச்சு முடிச்சேன்.

ரெண்டாவது ஞாயிறு கடல். ‘வழி தவறாது’ வரியை நான் தொடல, அது அவர் சொத்து. ஆனா சேதி கொடுத்தேன். கரையில வள்ளம் இழுத்த தடம்: மூணு வள்ளம், ரெண்டு பெருசு, ஒண்ணு சின்னது, போயி அஞ்சு நாழிகை, அதாவது ரெண்டு மணி நேரம். முட்டம் பாறைக்கு உள்பக்கமா போனா எட்டிப் பிடிக்கலாம். வெளிய சுத்தினா பத்திரம், ஆனா விடிஞ்சிரும். படகோட்டிக்கு உள்ள போகணும். ஃபைட்டருக்கு நீச்சல் தெரியாது, அவர் கத்தினார். வழி தெரிஞ்சவர் ஒருத்தர், பயப்படுறவர் ஒருத்தர், ரெண்டு பேரும் நிஜமாவே மூஞ்சியைத் தூக்கிக்கிட்டாங்க. கடைசியில உள்பக்கம் போனாங்க, தண்ணிப் பீப்பா ஒண்ணு போச்சு.

போன் ரெண்டு தரம் வெளிய வந்துச்சு. இந்தியா பேட்டிங், ஒண்ணும் செய்ய முடியல.

மட்டிப்பழம்

எத்தனை ரன்னு?

குளச்சல்காரி

உப்பு வெள்ளையா தெரியணும்னா வேட்டி நல்லா காஞ்சிருக்கணும். ஆடிச் சாரல்ல காயாது, ஈரமாத்தான் இருக்கும். நாறவும் செய்யும். அடுத்த தடவ நாத்தத்த வச்சுச் சொல்லுங்க.

ஆடிக் கடல மாத்தினீங்களா இல்லியா?

பனந்தடிபீரங்கி (நாகர்கோவில்)

மாத்தல அக்கா. வள்ளம் இன்னும் முட்டம் பாறைக்கு உள்ளதான் நிக்குது, காத்து கூடிட்டு வருதுன்னு சொல்லி செஷனை முடிச்சேன். ஃபைட்டர் இந்த வாரம் ரூல்புக்குல நீச்சல் பக்கத்தை வாசிச்சிட்டு இருக்கார்.